காவலூரின் இரவு ஷிப்ட்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் ஏறினால், சந்தன மரக் காட்டுக்குள் காவலூர் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர்தான். கொடைக்கானலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. ஆனாலும் நாட்டின் பெரிய தொலைநோக்கிகளை நிறுவ 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தது இந்த இடத்தைத்தான்.

சென்னையில் 1927-இல் பிறந்த பாப்பு, 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1899-இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம் சூரியனைப் பார்ப்பதற்கானது. பகல் வேலைக்கு அருமையான இடம். இரவில் மேகமும் மூடுபனியும் கெடுத்துவிடும். விண்மீன்களைப் பார்க்க வேறு மலை வேண்டியிருந்தது. காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும். பெருநகரம் எதுவும் பக்கத்தில் இல்லை. பெங்களூரு 175 கிலோமீட்டர், சென்னை 200 கிலோமீட்டர். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது.

எப்படிப்பட்ட வேலை அது? ஜனவரி முதல் மே வரை வானம் நன்றாக இருக்கும் மாதங்கள். மழைக்காலத்தில் பல இரவுகள் வீண். தொலைநோக்கி இருக்கும் டோமைச் சூடேற்றக் கூடாது, வெதுவெதுப்பான காற்று கலங்கினால் விண்மீனின் பிம்பமும் கலங்கும். விளக்கும் போடக் கூடாது. இருட்டில் நின்றபடி வழிகாட்டிக் கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்து, கையிலிருக்கும் பொத்தான் பெட்டியை அழுத்தி அழுத்தி, விண்மீனை நிறமாலைமானியின் மெல்லிய பிளவிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். மங்கலான விண்மீன் என்றால் மணிக்கணக்கில். கூடவே, டோமின் திறப்பை வானத்தின் நகர்வுக்கு ஏற்பத் திருப்ப ஓர் உதவியாளர். முடிந்ததும் ஒளிப்படத் தட்டை இருட்டறையில் கழுவ வேண்டும். தட்டு காய்ந்த பிறகுதான் அந்த இரவு உருப்பட்டதா என்றே தெரியும்.

இந்தத் தட்டு ஒரு வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டதைப் பலர் கவனிப்பதில்லை. வானத்தைப் பிடிக்கும் பாதி மலையில் நடந்தாக வேண்டும். அளந்து கணக்குப் போடும் பாதியைப் பகலில், எந்த ஊர் மேசையிலும் செய்யலாம். 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர்.ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள், ஒரே வானப் பகுதியின் படங்களை ஒப்பிட்டு நகரும் புள்ளியைத் தேடும் இந்தப் பொறுமையான வேலையின் பலன். இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

‘வேலைக்குப் போகாமலே வேலை பார்ப்பது’ என்ற யோசனைக்கு ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர் பெயர் சூட்டியது 1973-இல். எந்த வேலையை அப்படி மாற்றலாம் என்று அன்றிலிருந்து அலுவலகங்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கின்றன. பொருளைக் கையால் தொட வேண்டுமா, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருந்தே ஆக வேண்டுமா, கோளாறு வந்தால் யார் ஓடிப்போய்ப் பார்ப்பது? இந்தக் கேள்விகளைக் காவலூரிடம் கேட்டிருந்தால் அந்த ஆண்டுகளில் மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பதில்தான் வந்திருக்கும். வர வேண்டும், இருக்க வேண்டும், நாமே பார்க்க வேண்டும்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு இரவுகள் காட்டின. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி 1972-இல் காவலூருக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. விண்மீன் மறையும்போது கானிமீடின் நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும். அந்தப் பட்டைக்குள் இருப்பவருக்கு மட்டுமே காட்சி. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதை அளந்தார்கள். கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் கிடைத்தது. அது முதலில் நினைத்ததைவிட மிக மிக மெல்லியது என்று பிறகு வாயேஜர் விண்கலம் காட்டியது வேறு கதை.

அடுத்தது 1977 மார்ச் 10. அன்று ஒரு விண்மீனை யுரேனஸ் மறைக்க இருந்தது. வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டும் கூட்டாளிகளும் தொலைநோக்கியைச் சுமந்த ‘கைப்பர்’ விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கே பறந்துவிட்டார்கள். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியருகே ஜே.சி.பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். யுரேனஸ் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் சட்டென்று குறைந்து மீண்டது. குறுக்கே போனது யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விமானத்திலிருந்தவர்கள் கோளின் இருபுறமும் ஒரே மாதிரியான மங்கல்களைப் பதிவு செய்திருந்ததால், அவை வளையங்கள் என்பது தெளிவானது. காவலூரின் அளவீடு சரி, விளக்கம்தான் மாறியது. இப்படிப்பட்ட வேலையைப் பெங்களூரு மேசையில் உட்கார்ந்து செய்யலாமா என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை.

அமெரிக்கர்கள் அதற்கு முன்பே முயன்று பார்த்திருந்தார்கள். அரிசோனாவின் கிட் பீக் மலையில் 1960-களின் நடுவில் நிறுவிய 50 அங்குலத் தொலைநோக்கியை டூசான் நகரத்திலிருந்து இயக்கத் திட்டம். விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு ஓர் ஒத்திகை. சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, 1969-இல் வழக்கம்போல் ஆள் நின்று இயக்கும் கருவியாக மாற்றிவிட்டார்கள். யோசனையில் குறையில்லை, அன்றைய கணினிக்கும் கம்பிக்கும் அந்தச் சுமை தாங்கவில்லை.

பாப்பு 1982-இல் மியூனிக்கில் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது. ஒளிப்படத் தட்டின் இடத்துக்கு சிசிடி என்ற மின்னணு ஒளியுணரி வந்தபின், பார்ப்பவர் டோமை விட்டு வெளிச்சமுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு நகர்ந்தார். பிறகு வந்த எஷெல் நிறமாலைமானியிலோ கருவியே தொலைநோக்கியை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. விண்மீனின் ஒளி சுமார் 45 மீட்டர் கண்ணாடியிழை வழியே கீழே தனி அறைக்கு வருகிறது. கண் கண்ணாடியை விட்டு நகர்ந்துவிட்டால், பக்கத்து அறைக்கும் பக்கத்து மாநிலத்துக்கும் உள்ள வித்தியாசம் நல்ல இணைப்பு ஒன்றுதான்.

அந்த இணைப்பை முதலில் முழுதாகப் போட்டது காவலூருக்கு அல்ல, லடாக்குக்கு. காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கியை அமைத்தது. 2000 செப்டம்பரில் முதல் ஒளி, அதாவது முதல் வானப் படம். மூச்சு வாங்கும் உயரம். குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே இருபது பாகைக்கும் மேல் இறங்கும். ஆராய்ச்சியாளர்களை ஒவ்வொரு முறையும் அங்கே அனுப்புவது நடக்கிற காரியமில்லை. அதனால் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் ஒரு கட்டுப்பாட்டு அறை. நடுவே செயற்கைக்கோள் இணைப்பு. கட்டளை வானேறி இறங்கி, பதில் திரும்பிவர அரை நொடி போய்விடும். காவலூரில் செய்ததுபோல் பொத்தானை அழுத்தி விண்மீனைப் பிடித்து வைக்கும் வேலைக்கு அந்த அரை நொடி ஆகாது. அதைத் தொலைநோக்கியிலேயே பொருத்திய தானியங்கி வழிகாட்டிக்குத் தள்ளிவிட்டார்கள். எந்த விண்மீன், எவ்வளவு நேரம், எந்த வடிகட்டி என்ற முடிவுகள் மட்டும் ஹொசகோட்டேயில்.

ஒரு வேலையை முழுசாக எடுத்து வைத்துக்கொண்டு ‘தூரத்திலிருந்து முடியுமா’ என்று கேட்டால் பதில் வராது. பிரித்துப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அப்படிப் பிரித்ததில் மலையிலேயே தங்கிப்போன பங்கும் ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேச்சு குறைவு. சிசிடியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜனை ஒருவர் போய் நிரப்ப வேண்டும். ஹான்லேயில் அதைத் தயாரிக்கத் தனி ஆலையே உண்டு. மங்கிப்போகும் பெரிய ஆடியைக் கழற்றிக் கழுவி, மறுபடி அலுமினியப் பூச்சு ஏற்ற வேண்டும். அதற்கான வெற்றிடக் கலம் காவலூர் வளாகத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியை மலையிறக்கி ஏற்ற யாரும் துணிய மாட்டார்கள். தூறல் விழுந்தால் டோமை மூட வேண்டும். கட்டுரைகளில் பெயர் வராத இந்த ஆட்களுக்குத் தொலைவேலை வரவே இல்லை.

2014-இல் காவலூருக்கு 1.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் இரவின் பட்டாச்சார்யா பெயர் அதற்கு. 2018-இல் ஹான்லேயில் முதல் ஒளி கண்ட ‘குரோத்-இந்தியா’ தொலைநோக்கி இன்னும் ஒரு படி மேலே போய், வரிசைப்படி தானே வானத்தைத் துழாவுகிறது. அதற்கு இரவு ஷிப்டில் பார்வையாளரே கிடையாது. பராமரிப்புக்கு மட்டும் ஆள் உண்டு.