துப்பாக்கிக் குண்டு தெறித்தல்

துப்பாக்கிக் குண்டு தெறித்தல் என்பது, சுடப்பட்ட குண்டு ஒரு பரப்பில் மோதி அதனுள் புதையாமல் திசைமாறிச் செல்வதைக் குறிக்கும். பிரெஞ்சு மொழியில் இதற்கு வழங்கும் ரிகோஷே என்னும் சொல், குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லை எறிந்து தத்தவிடும் விளையாட்டையும் குறிக்கும். குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் இது இரு வகையாக நிகழ்கிறது. குண்டு சாய்வாகப் பட்டு முன்னோக்கி எகிறுவது ஒன்று. கடினமான இலக்கில் பட்டுச் சுட்டவரை நோக்கியே திரும்புவது மற்றொன்று.

சாய்வுத் தெறிப்பு

ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு மாறுநிலைக் கோணம் உண்டு. அதைவிடக் குறைந்த கோணத்தில் படும் குண்டு உள்ளே செல்லாமல் எகிறும். இக்கோணம் குண்டின் வடிவம், வேகம், உலோகம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். நீருக்கு இது சில பாகைகளே. எனினும் நீர் மென்மையானது, குண்டை விழுங்கிவிடும் என்று நம்பி ஏரியை நோக்கிச் சுடுவது ஆபத்தானது.

கேரம் பலகையில் காய் திரும்புவதைப் போலப் படுகோணமும் எதிர்கோணமும் இங்கு சமமாக இருப்பதில்லை. கான்கிரீட், எஃகு முதலியவற்றில் பட்ட குண்டு நசுங்கி, பெரும்பாலும் பரப்பை ஒட்டியே செல்லும். மணலிலும் நீரிலும் அது தான் தோண்டிய பள்ளத்தின் சரிவில் ஏறி வெளியேறுவதால், பட்டதைவிடப் பெரிய கோணத்தில் எழக்கூடும். சுடுகளத்தின் தடுப்பு மேட்டையும் தாண்டக்கூடும். சுடுகுழலின் மரைகள் தந்த நிலைப்பு குலைவதால் குண்டு தாறுமாறாகப் புரளும். இதனால் அதன் வீச்சு குறையும் என்றாலும், அது எங்கே விழும் என்பதைக் கணிக்க இயலாது.

பின்தெறிப்பு

சமதளமான கெட்டி எஃகுத் தகட்டில் வேகமாக மோதும் ஈயக் குண்டு நொறுங்கி, அதன் துண்டுகள் தகட்டுக்கு ஏறத்தாழ இணையாக நாற்புறமும் சிதறும். ஆகவே நல்ல தகட்டில் பக்கவாட்டில் நிற்பவருக்கே இடர் மிகுதி. தகட்டில் குழி விழுந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். குழி ஒரு கிண்ணம் போலச் செயல்பட்டு, துண்டுகளைச் சுட்டவர் பக்கமே திருப்பும். சாதாரண எஃகுத் தகடு நீள்துப்பாக்கிக் குண்டால் விரைவில் குழிவிழும் என்பதால், பிரினெல் அளவில் ஏறத்தாழ 500 கடினத்தன்மை உள்ள ஏஆர்500 வகை எஃகு பயன்படுத்தப்படுகிறது. தகட்டைச் சற்று முன்சாய்த்துத் தொங்கவிட்டால் சிதறல் தரையை நோக்கிச் செல்லும்.

வேகம் குறைந்தால் இடர் குறையும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் மெதுவாக வரும் குண்டு நொறுங்காமல் முழுதாகவே திரும்பக்கூடும். விளையாட்டுப் பொருளாகக் கருதப்படும் பிபி காற்றுத் துப்பாக்கியே இதற்குத் தக்க சான்று. அதன் ஏறத்தாழ 4.5 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டை நசுங்குவதில்லை. சுவரிலோ தகரத்திலோ பட்டால் கண்ணைப் பறிக்கும் விசையுடன் திரும்பலாம். காற்றுத் துப்பாக்கிகளின் ஈயச் சிறுகுண்டு பெரும்பாலும் நசுங்கி ஆற்றலை இழக்கும். பழைய டயர்களும் குண்டைத் திருப்பி அனுப்பக்கூடியவை.

தடுப்பு முறைகள்

பன்னாட்டு செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பின் கைத்துப்பாக்கி விதிகள், உலோக இலக்கை 7 மீட்டருக்குக் குறைவான தொலைவிலிருந்து சுட அனுமதிப்பதில்லை. மண்மேட்டின் முகப்பில் கற்கள் இல்லாதவாறு சலித்த மண்ணை இட வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று, மேடு பழையதாகும்போது உள்ளே தங்கிய குண்டுகளே கற்களைப் போலாகிவிடுகின்றன என்பது. எனவே அவற்றை அவ்வப்போது அகழ்ந்தெடுக்க வேண்டும். அண்மையிலிருந்து எஃகைச் சுட, செப்புத் தூளை அழுத்திச் செய்த, மோதியதும் பொடியாகும் குண்டுகள் உள்ளன. பாலிகார்பனேட் கண்ணாடி சுடுபவருக்கு மட்டுமன்றிப் பார்வையாளருக்கும் தேவை.

போரில் பயன்பாடு

தெறிப்பு வேண்டுமென்றே பயன்படுத்தப்பட்டதும் உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1688-இல் பிலிப்ஸ்பர்க் முற்றுகையில், பீரங்கிக் குண்டுகளைக் கோட்டை மதிலின் மேல் தத்திச் செல்லுமாறு சுடச் செய்தார். 1943 மே மாதம் பிரித்தானிய வான்படை ஜெர்மனியின் மோனே, ஏடர் அணைகளை உடைக்க வீசிய, பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த குண்டுகளும் நீரின் மேல் தத்திச் சென்றவையே.