பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருவர்

2022 பிப்ரவரி 3 அன்று, அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக அறங்காவலர் குழு தன் வளாகத்தில் உள்ள ஒரு கட்டடத்துக்குப் புதுப் பெயர் சூட்டியது. கல்வியியல் கல்லூரி இயங்கும் அந்தக் கட்டடத்தின் பெயர் அதுவரை கிரேவ்ஸ் ஹால். இனி அது லூசி-கிரேவ்ஸ் ஹால் என்றார்கள். லூசி என்பவர், அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குச் சென்ற முதல் கறுப்பின மாணவியான ஆதரின் லூசி. கிரேவ்ஸ் என்பவர், இரண்டு முறை அலபாமாவின் ஆளுநராக இருந்த பிப் கிரேவ்ஸ். கல்வித்துறையில் சீர்திருத்தங்கள் செய்தவர் என்று அவரைப் பாராட்டுவோர் உண்டு. அவர் கு க்ளக்ஸ் க்ளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பின் மாண்ட்கோமரி கிளைக்குத் தலைவராகவும் இருந்தவர்.

தன்னைக் கல்லெறிந்து துரத்திய வெறுப்பை ஓர் அமைப்பாகத் திரட்டி வளர்த்தவர்களில் ஒருவரோடு, ஒரு கறுப்பினப் பெண் தன் பெயரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு மரியாதை என்று பெயர். மாணவர்களும் பேராசிரியர்களும் இதைக் கண்டித்தார்கள். மாணவர் பத்திரிகையும் எழுதியது. எட்டு நாள்கள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, அதே குழு மறுபடி கூடி கிரேவ்ஸின் பெயரை நீக்கியது. அன்று முதல் அது ஆதரின் லூசி ஹால்.

கல்வி நிறுவனங்கள் பெண்களைக் கௌரவிக்கும் செய்திகளை மார்ச் மாதம் வந்தால் நாம் நிறையவே படிக்கிறோம். பன்மைத்துவத்துக்காக உழைத்த பெண்ணுக்கு ஒரு விருது, ஒரு சால்வை, ஒரு புகைப்படம். ஆனால் எந்த நிறுவனத்தோடு அந்தப் பெண் மோத வேண்டியிருந்தது, அந்த மோதலில் அந்த நிறுவனம் என்ன செய்தது என்ற கேள்விகள் மேடையில் எழுவதில்லை. அலபாமாவில் நடந்ததை ஆதியிலிருந்து பார்த்தால், கௌரவம் என்பதற்குள் எவ்வளவு மறைக்க முடியும் என்பது தெரியும்.

இந்த வரலாறு ஆதரின் லூசியிடமிருந்து தொடங்கவில்லை. அவருடைய தோழி பாலி ஆன் மயர்ஸிடமிருந்து தொடங்குகிறது. லூசி 1929இல், அலபாமாவின் ஷைலோ என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தின் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அமைதியான சுபாவம். 1952இல் பர்மிங்ஹாம் அருகே உள்ள மைல்ஸ் கல்லூரியில் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றார். அங்கே படித்த பாலி நேர்மாறானவர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி சங்கத்தில் தீவிரமாக இயங்கியவர், பத்திரிகையில் எழுதியவர். வெள்ளையர்களுக்கு மட்டுமேயான அலபாமா பல்கலைக்கழகத்தில் நாம் இருவரும் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்போம் என்று சொன்னவர் அவர்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே முதலில் நினைத்ததாக லூசி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1952 செப்டம்பரில் இருவரும் விண்ணப்பித்தார்கள். லூசிக்கு நூலகவியல், பாலிக்கு இதழியல். இருவருக்கும் இடம் கிடைத்தது. அவர்கள் நேரில் போய் நின்றபோதுதான் இருவரும் கறுப்பினத்தவர் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது துர்குட் மார்ஷல், ஆர்தர் ஷோர்ஸ் என்ற இரு வழக்கறிஞர்களின் பெயர்கள் முதலில் வரும். அவர்களோடு வாதாடிய இன்னொருவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பு வந்த பிரவுன் வழக்கின் தொடக்க மனுவை எழுதியவர் அவர். 1966இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியானார். பர்மிங்ஹாமிலிருந்து என்ஏஏசிபியின் தென்கிழக்கு வட்டாரத்தை நடத்திவந்த ரூபி ஹர்லி, அந்த ஆண்டுகள் முழுக்க லூசிக்குத் துணை நின்றார். ஒரு மாணவி வகுப்பறைக்குள் நுழைய எத்தனை பெண்களின் உழைப்பு தேவைப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1955 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி ஹோபார்ட் க்ரூம்ஸ் தீர்ப்பளித்தார்: இனத்தைக் காரணம் காட்டி இவர்களைத் தடுக்கக் கூடாது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. லூசி எதிர் ஆடம்ஸ் என்று சட்ட நூல்கள் இந்த வழக்கைக் குறிக்கும். ஆடம்ஸ் என்பவர் மாணவர் சேர்க்கைப் பொறுப்பில் இருந்த அதிகாரி. மனுதாரர்கள் இருவர், வழக்கின் சுருக்கப் பெயரில் நின்றது ஒருவர் பெயர்.

இனத்தைச் சொல்லி இனித் தடுக்க முடியாது. அப்படியானால் வேறு எதைச் சொல்லித் தடுக்கலாம்? பல்கலைக்கழகத் தரப்பு துப்பறிவாளர்களை அமர்த்தி இரண்டு பெண்களின் சொந்த வாழ்க்கையைத் துருவியது. பாலி திருமணத்துக்கு முன்பே கருவுற்றிருந்தார் என்று கண்டுபிடித்தார்கள். அவருடைய நடத்தை பல்கலைக்கழகத்தின் தரத்துக்கு ஏற்றதல்ல என்று சொல்லி இடம் மறுத்தார்கள். லூசிக்கு எதிராக எதுவும் கிடைக்கவில்லை. அவரை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். நீதிமன்றம் நிறவெறியின் கையைக் கட்டிப்போட்டதும், அது ஆணாதிக்கத்தின் கையைக் கடன் வாங்கியது. ஒரு கறுப்பின ஆணின் கடந்தகாலத்தில் இப்படிக் கருப்பையைத் தேடியிருக்க முடியாது. நன்னடத்தை என்ற சொல் நமக்கும் புதிதல்ல. கல்லூரியை விட்டு வெளியேறும்போது நாமும் அந்தச் சொல் அச்சிட்ட சான்றிதழை வாங்கித்தான் வருகிறோம். விடுதிக்கு எத்தனை மணிக்குத் திரும்பினோம், யாரோடு பேசினோம் என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எளிதாக அடங்கிவிடும். படிக்க வரும் பெண்ணிடம் கல்வித் தகுதியோடு சேர்த்து இன்னொரு தகுதியும் கேட்கப்படுகிறது. அந்தத் தேர்வுக்குப் பாடத்திட்டமும் இல்லை, மறுமதிப்பீடும் இல்லை.

யோசனையைச் சொன்ன, துணிந்து முன்னே நடந்த பெண் வாசலில் நிறுத்தப்பட்டார். அவர் வருவார் என்ற தைரியத்தில் கூட நடந்த பெண் தனியாக உள்ளே போக வேண்டியதாயிற்று.

உள்ளே விட்டார்கள் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. லூசிக்கு விடுதியில் இடமில்லை. உணவுக்கூடத்தில் சாப்பிட அனுமதியில்லை. பர்மிங்ஹாமிலிருந்து டஸ்கலூசாவில் உள்ள வளாகத்துக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம் செய்து வகுப்புக்கு வந்தார். 1956 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு. அதே மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரியில் அப்போது கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பில் இருந்தார்கள். லூசியின் முதல் வகுப்பு நாளன்று இரவே வளாகத்தில் எதிர்ப்பு தொடங்கிவிட்டது. பிப்ரவரி 6, திங்கட்கிழமை, மாணவர்களும் வெளியாட்களுமாக ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு, பெண் மாணவர்களுக்கான முதல்வர் சாரா ஹீலி காரில் உடன் வந்து அழைத்துப்போனார். அந்தக் காரின்மீது கல்லும் முட்டையும் வந்து விழுந்தன. கொல்லுங்கள் என்று கத்தினார்கள். லூசி ஓடி நுழைந்த கட்டடம் கிரேவ்ஸ் ஹால். மணிக்கணக்கில் அதற்குள் அடைபட்டிருந்தார். கடைசியில் ஒரு காவல்துறைக் காரின் தரையில் படுக்கவைத்து அவரை வெளியே கொண்டுபோனார்கள்.

அன்றிரவே அறங்காவலர் குழு அவரை இடைநீக்கம் செய்தது. காரணம், அவருடைய பாதுகாப்பு. கல்லெறிந்தவர்கள் வளாகத்தில் இருக்கலாம். கல்லடி பட்டவர் வெளியே போக வேண்டும். பெண்களின் பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களையே வீட்டுக்கு அனுப்பும் இந்தக் கணக்கு எந்த நாட்டிலும் மாறுவதில்லை.

லூசியின் தரப்பு மீண்டும் நீதிமன்றம் போனது. பல்கலைக்கழகமும் கும்பலும் சேர்ந்து சதி செய்ததாக மனுவில் குற்றம் சாட்டியது. அதை நிரூபிக்க முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றது. பிப்ரவரி 29 அன்று நீதிபதி க்ரூம்ஸ், லூசியை மறுபடி சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். உடனே அறங்காவலர் குழு, பல்கலைக்கழகத்தின்மீது பொய்க் குற்றச்சாட்டு வைத்தார் என்று சொல்லி அவரை நிரந்தரமாக நீக்கியது. மூன்றே நாள் வகுப்பு. அதற்கு மூன்றரை ஆண்டுப் போராட்டம்.

அந்த ஆண்டே லூசி திருமணம் செய்துகொண்டார். தெற்கு மாநிலங்களில் அவருடைய பெயர் தெரிந்த இடங்களில் ஆசிரியர் வேலை கிடைப்பதே பல காலம் கடினமாக இருந்தது. 1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹுட் என்ற இரு கறுப்பின மாணவர்கள் அதே பல்கலைக்கழகத்தில் சேர வந்தார்கள். ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்து நின்ற படம் உலகமெங்கும் பரவியது. அந்த இருவரும் உள்ளே போகச் சட்டப் பிடிமானமாக இருந்தது, 1955இல் லூசியும் பாலியும் வாங்கிய தடையாணைதான். அது அவர்கள் இருவருக்கும் மட்டுமல்லாமல், அவர்களைப் போல விண்ணப்பிக்கும் எல்லாக் கறுப்பின மாணவர்களுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் அப்போதே விரித்திருந்தது. 1965இல் விவியன் மலோன் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். தாங்கள் அனுபவிக்க முடியாத தீர்ப்பை, முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்கு விட்டுச்சென்றிருந்தார்கள் அந்தத் தோழிகள்.

1988இல், ஆசிரியர்கள் சிலர் கேட்டுக்கொண்டதன்பேரில் பல்கலைக்கழகம் லூசியின் நீக்கத்தை ரத்து செய்தது. அப்போது அவருக்கு 58 வயது. நீக்கியது தவறு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததோடு அவர் திருப்தி அடைந்திருக்கலாம். அவரோ 1989இல் மாணவியாகச் சேர்ந்துவிட்டார். இளங்கலை படிக்க மகளும் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1992 மே மாதம் தாயும் மகளும் ஒன்றாகப் பட்டம் பெற்றார்கள்.

அதன்பிறகு கௌரவங்கள் வரிசையாக வந்தன. அவர் பெயரில் ஒரு கல்வி உதவித்தொகை, மாணவர் மையத்தில் உருவப்படம், 2010இல் மணிக்கூண்டு, 2017இல் நினைவுப் பலகை, 2019இல் கௌரவ முனைவர் பட்டம். 2022 பிப்ரவரி 25 அன்று ஆதரின் லூசி ஹால் திறப்பு விழாவுக்கு 92 வயதில் நேரில் வந்தார். ஐந்து நாள்கள் கழித்து, மார்ச் 2 அன்று காலமானார். அன்று கும்பலுக்குப் பயந்து ஒளிந்திருந்த அதே கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கட்டடத்தில் ஆசிரியர் பயிற்சி பெறும் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அந்தப் பெயர் தினமும் ஏதோ ஒன்றைச் சொல்லும்.

பாலி மயர்ஸ் வேறு ஊரில் படித்து முதுகலைப் பட்டம் பெற்று ஆசிரியராக வாழ்ந்து 2003இல் மறைந்தார். லூசியின் கதையைச் சொல்லும் பலரும் பாலியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். குறையற்ற நாயகியைக் கொண்டாடுவது நிறுவனங்களுக்கு எளிது. பாலியைக் கொண்டாட வேண்டுமென்றால், துப்பறிவாளர்களை அனுப்பியது யார், கர்ப்பத்தைக் குற்றமாக்கியது யார் என்பதையும் அதே மேடையில் சொல்லியாக வேண்டும். லூசியைக் கல்லால் அடித்தது கும்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். பாலியை மறுத்தது நிர்வாகத்தின் கையெழுத்து.

2024 மார்ச்சில் அலபாமா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்கம் ஆகியவற்றுக்கென அலுவலகங்கள் வைத்திருக்கக் கூடாது என்றது அது. கையெழுத்திட்ட ஆளுநர் கே ஐவி ஒரு பெண். அந்த ஆண்டு அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே அலபாமா பல்கலைக்கழகம் தன் பன்மைத்துவ அலுவலகத்தை மூடிவிட்டது. கறுப்பின மாணவர் சங்கம் மாணவர் மையத்தில் தனக்கிருந்த அறையை இழந்தது. ஆதரின் லூசி ஹாலின் பெயர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்படி ஒரு கௌரவத்தைப் பற்றி அடுத்த முறை படிக்கும்போது கைதட்டுவோம். அந்தப் பெண்கள் அதற்கு உரியவர்கள். கூடவே, அவரோடு வந்து வாசலில் நிறுத்தப்பட்டவர் யார் என்றும், அவரைப் போன்றவர்கள் இன்று உள்ளே உட்கார ஓர் அறை இருக்கிறதா என்றும் கேட்போம். எட்டு நாள்களில் கிரேவ்ஸின் பெயரை இறக்கவைத்தவர்கள் அப்படிக் கேட்ட மாணவர்களும் ஆசிரியர்களும்தான்.