மலைக்கு ஏற்ற சிறு வானொலி

போடிநாயக்கனூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏலக்காய்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வழியெங்கும் ஏலத் தோட்டங்கள், தேயிலைத் தோட்டங்கள். இந்த மலைச்சரிவுகளில் ஒரு வளைவில் செல்போன் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. செல்போன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதுதான் காரணம். நடுவே மலை வந்தால் நின்றுவிடுகிறது.

செல்போன் கோபுரமே இல்லாமல், முதுகில் சுமந்து போகும் ஒரு சிறு கருவியால் இங்கிருந்து செய்தி அனுப்ப முடியுமா? முடியும். அதுதான் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. வியாபாரத்துக்காக இல்லாமல், தேர்வு எழுதி உரிமம் பெற்ற தனிமனிதர்கள் நடத்தும் வானொலி இது.

சென்னையில் ஒரு தொடக்கம்

தமிழகத்தில் வானொலியைத் தொடங்கி வைத்தவர்களே ஆர்வலர்கள்தான். அரசு வானொலி வருவதற்கு முன்பே, 1924 மே 16 அன்று சி.வி.கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. முதல் டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரம்! பணமில்லாமல் 1927இல் கிளப் நின்றுபோனது. பிறகு சென்னை மாநகராட்சி 1930இல் அந்தப் பணியை ஏற்றது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர். அமெச்சூர் உரிமங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. போர் முடிந்த பிறகே ஹாம்கள் மீண்டும் பேச முடிந்தது. கையடக்கமான டிரான்ஸ்மிட்டரைக் கண்டு அரசுகள் அஞ்சியதற்கு இது ஓர் உதாரணம்.

குறைந்த சக்தி, சின்ன வளையம்

ஹாம்களில் ஒரு பிரிவினர் 5 வாட் அல்லது அதற்கும் குறைவான சக்தியில்தான் பேசுவார்கள். இதற்குக் 'க்யூ.ஆர்.பி.' என்று பெயர். "சக்தியைக் குறை" என்பதற்கான பழைய தந்திக் குறியீடு அது. இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003இல் 'பிட்எக்ஸ் 20' என்ற கருவியின் வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். சுமார் 6 வாட்தான். வெளிநாட்டுப் பாகங்களுக்கு அலையாமல், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குழாய் வாஷரில் கம்பி சுற்றிக்கூட இதைச் செய்யலாம். உலகம் முழுவதும் பலர் இதைச் செய்து பேசியிருக்கிறார்கள்.

கருவி சிறிதானாலும் ஆன்டெனா சிறிதாக வேண்டுமே! 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 40 மீட்டர். வழக்கமான ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். செங்குத்தான சரிவில் இது எளிதல்ல. இதற்கு மாற்றுதான் வளைய ஆன்டெனா. ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாய் வளையம், அதன் வாயில் ஒரு மின்தேக்கி (கெபாசிடர்), அவ்வளவுதான். 1960களில் அமெரிக்க ராணுவம் வியட்நாம் காடுகளுக்காக இப்படி ஒரு வளையத்தை உருவாக்கியது. 1967இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்ததும் ஹாம்களும் அதைச் செய்து பார்க்கத் தொடங்கினார்கள்.

வளையத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் அலையின் ஒரு பகுதி நேராக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடையிலிருந்து வழியும் மழைநீர் போலச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். மலையைத் துளைக்க வேண்டியதில்லை, மேலாகத் தாண்டிவிடலாம்.

ஆனால் குறைகளும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸில் இவ்வளவு சிறிய வளையம் வெளியே விடுவது கொடுத்த சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதி செம்பில் வெப்பமாகிவிடும். அலைவரிசையைச் சிறிது மாற்றினாலும் மின்தேக்கியைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். வெறும் 5 வாட் கொடுத்தாலே மின்தேக்கியின் குறுக்கே சுமார் ஆயிரம் வோல்ட் வரும். எனவே பேசும்போது கை வைக்கக் கூடாது! இரவில் இன்னும் தாழ்ந்த அலைவரிசையும் பெரிய வளையமும் தேவைப்படலாம்.

ஓர் இரவு

2004 டிசம்பரில் ஹாம் வானொலி ஒலிபரப்புக்காக அந்தமான் சென்றிருந்தார் பாரதி பிரசாத். 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் செயலிழந்தபோது, அவருடைய குழுவின் வானொலிதான் தீவில் இருந்தவர்களின் நிலையைத் தாய்நாட்டில் இருந்த உறவினர்களுக்குச் சொன்னது. அங்கே கருவியும் இயக்கத் தெரிந்தவரும் தற்செயலாக இருந்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி அமைவதில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ஏலமலைக்கு அடுத்த மூணாறு மலையில் பெட்டிமுடி என்ற இடத்தில் மண் சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள். தொடர்மழையால் அங்கே மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. இரவில் நடந்தது வெளியே தெரிந்தபோது மறுநாள் காலையாகிவிட்டது.

சிறு வானொலி மண்சரிவைத் தடுத்திருக்காது. புதைந்தவர்களில் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் செய்தி விடியும் வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை. அதற்குக் கருவி மட்டும் போதாது. இயக்கத் தெரிந்த ஒருவர் மேலே வேண்டும், அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் கீழே வேண்டும்.

இந்தியாவில் 12 வயதிலேயே ஹாம் தேர்வு எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. போடியிலும் மூணாறிலும் உள்ள பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலர் உரிமம் பெற்று, வாரம் ஒரு நாள் மலையின் இருபுறமிருந்தும் பேசிப் பழகினால், அடுத்த பெருமழையின்போது கேட்பதற்கு ஆள் இருக்கும்.