யாருக்கும் பட்டா இல்லாத நிலம்

வடக்குத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் செல்போனில் மைன்கிராஃப்ட் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய ஆயா கேட்டார்: "யார் நெலத்துலடா தோண்டுற?" அவன் நிமிராமலே சொன்னான்: "யாருதும் இல்ல ஆயா, சும்மா கெடக்கு."

இந்தச் 'சும்மா கெடக்கு' என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2009இல் ஸாக்கரி பார்த் என்ற அமெரிக்கர் இன்ஃபினிமைனர் என்றொரு விளையாட்டை வெளியிட்டார். இரண்டு அணிகள் போட்டிபோட்டுக் கனிமம் தோண்ட வேண்டும் என்பது விதி. ஆடியவர்களோ போட்டியை விட்டுவிட்டுக் கட்டைகளை அடுக்கி ஏதேதோ கட்ட ஆரம்பித்தார்கள். இந்தக் கட்டை உலகத்திலிருந்துதான் அதே ஆண்டு ஸ்வீடனின் மார்கஸ் பெர்சன் மைன்கிராஃப்டுக்கான வடிவத்தைப் பெற்றார். 2011இல் அது முழுமையாக வெளிவந்தது. 2014இல் அவருடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. விதியை மீறிய விளையாட்டுத்தனம் இப்படித்தான் மூலதனத்தின் சொத்தாகிறது.

ஆட்டம் வெறுங்கையோடு தொடங்குகிறது. மரத்தைக் கையால் குத்திக் கட்டை எடுக்க வேண்டும். கட்டையில் குந்தாலி, குந்தாலியால் கல், கல்லுக்கிடையே நிலக்கரி, கரியில் தீப்பந்தம். இருட்டுவதற்குள் வீடு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. கோட்டை கட்டலாம், பாதாளம்வரை தோண்டலாம். தோண்டிய மண் பைக்குள் போய்விடும், ஓர் அறைக்கு 64 கட்டை. மணலும் சரளையும் சரியும். மற்றபடி அடியில் வெட்டினாலும் மலை அந்தரத்தில் நிற்கும்.

நெய்வேலியில் மண் பைக்குள் போகாது. 1956இல் நிறுவனம் அமைந்தது, 1957இல் சுரங்க வெட்டு தொடங்கியது, 1961இல்தான் கரி கண்ணில் பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் மேல்மண்ணை அகற்றிய ஆண்டுகள். அந்த மண் மலையாகக் குவிந்தது. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். மேல்மண்ணின் மேலே ஊர்கள் இருந்தன. பொறியியலின் பேச்சில் அந்த ஊர்களுக்குப் பெயர் கிடையாது, அவையும் 'மேல்மண்'தான். எழும்பிய நகரியத்தின் பகுதிகளுக்கும் ஊர்ப்பெயர் வைக்கவில்லை. பிளாக் 1, பிளாக் 2 என்று எண்தான்.

ஆஸ்திரேலியாவைக் காலனியாக்கியவர்களும் அதை யாருடையதுமல்லாத நிலம் என்றே சொன்னார்கள். அந்தப் பொய்யை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992இல்தான் நிராகரித்தது. இங்கே 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விடும் நிலையில் நின்ற நெல்வயலுக்குள் எந்திரம் இறங்கியது. அது சட்டப்படி ஏற்கனவே கையகப்படுத்திய நிலம் என்றார்கள். காகிதத்தில் காலியான நிலத்தில் பயிர் நின்றது, அதுதான் பிரச்சினை.

இதற்காகப் பையன் கையிலிருந்து போனைப் பிடுங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் 2012க்குப் பிறகு மக்கள் இதே விளையாட்டில் தங்கள் மைதானத்தைக் கட்டிப் பார்த்துத் திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கே நிலம் சும்மா கிடக்கவில்லை, அதில் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே தோண்டுவதும் கட்டுவதும் குற்றமல்ல. தோண்டுவதற்கு முன்னால் ஆயா கேட்ட கேள்வியைக் கேட்கவிடாத விதிதான் குற்றம். அது செல்போனுக்குள் மட்டும் இருக்கிற விதி இல்லை.