பாதி உடன்படிக்கை

வட அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் பியூரிட்டன் சபையார், தெய்வ கிருபை தம் உள்ளத்தில் செய்த மாற்றத்தைச் சபையின் முன் சாட்சியாகக் கூறியவரையே முழு அங்கத்தினராக ஏற்றனர். கடல் கடந்து வந்த தந்தையரின் தாகம் பிள்ளைகளிடம் தணிந்துபோக, அத்தகைய சாட்சி கூற இயலாதோர், கோட்பாட்டை ஒப்புக்கொண்டு அபவாதமின்றி வாழ்ந்தால், தம் மக்களுக்கு ஞானஸ்நானம் பெறலாம், இராப்போஜனம் மட்டும் இல்லை என்று 1662-இல் பாஸ்டனில் கூடிய சபைப் பிரதிநிதிகள் பரிந்துரைத்தனர். ‘பாதி உடன்படிக்கை’ எனப்பட்ட இது, சபையைக் காக்கச் செய்த ஏற்பாடுதான். ஆயினும் உறக்கத்துக்குச் சட்டபூர்வமான ஒரு பாயை விரித்துக் கொடுத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. நார்தாம்ப்டன் ஊரில் போதகராயிருந்த சாலமன் ஸ்டாடர்டு, இராப்போஜனம் மனமாற்றத்துக்கே சாதனமாகும் எனக் கருதி, அதையும் அத்தகையோருக்குத் திறந்துவிட்டார்.

அவருடைய பேரரும் அவருக்குப் பின் போதகரானவருமான ஜானதன் எட்வர்ட்ஸ், 1734-35-இல் அவ்வூரையே உலுக்கிய ஆன்மிக எழுப்புதலைக் கண்டவர். அந்த அனல் விரைவில் ஆறியதையும் கண்டவர். ஆகவே பாட்டனார் வகுத்த வழக்கத்தை விலக்கி, மெய்யான பக்தியின் அறிக்கையை அவர் மறுபடி கோரியபோது, சபையார் 1750-இல் அவரையே விலக்கினர். வேறு போதகர் அகப்படாமையால், அதன்பின்னும் சில மாதம் அவரையே பிரசங்கிக்க அழைத்தனர்.