புல எண் என்னும் சாவி

உறவுமுறைத் தரவுத்தளம் என்றதும் அது கணினித் துறையினருக்கு மட்டுமே உரிய செய்தி என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதன் அடிப்படைக் கேள்வி மிகப் பழையது. ஒன்றைப் போலவே பல இருக்கும்போது, குறிப்பிட்ட ஒன்றை ஐயமின்றிச் சுட்டுவது எப்படி? நிலத்தை அளந்து, வரி விதித்து, உரிமை எழுதிவந்த எல்லாச் சமூகங்களும் இக்கேள்விக்கு விடை தேடியிருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டங்களின் நில ஆவணங்களைத் துணையாகக் கொண்டு அந்த விடைகளில் சிலவற்றை இங்கே காண்போம்.

பெயர் போதாது என்பதே முதற்பாடம். ஆண்டாள் பிறந்த ஊரில் ஆண்டாள் என்ற பெயருடைய பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலெழுத்தைச் சேர்த்தாலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜாவும், 1936-இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவும் ஒரே ஊரினர். இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே சொல்லில் முடிகின்றன. புகழ் பெற்றவர்களை நாம் குழப்பிக்கொள்வதில்லை. பதிவேட்டில் மட்டுமே வாழும் எளியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சோழர் காலத்து எழுத்தர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் கல்லில் இருக்கிறது. அதில் ஒரே பெயர் பலமுறை வருகிறது. ஆகவே எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று குறித்த பின்னரே பெயர் எழுதப்பட்டது. தெருவும் சிறகும் வீட்டு வரிசையும் சேர்ந்தால் ஒருவர்தான் அகப்படுவார். இன்று கூட்டுச் சாவி என்று சொல்லப்படுவது இதுவே. ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு உறவினருக்குச் செல்லும் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. ஆள் மாறினாலும் வீட்டின் அடையாளம் மாறாது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் நிலத்தை வதி, வாய்க்கால், கண்ணாறு, சதிரம் என்று வரிசையிட்டுச் சுட்டியதும் இவ்வகையே.

இவ்வொழுங்கு எல்லா ஊர்களுக்கும் வாய்க்கவில்லை. பெரும்பாலான நிலங்கள் நான்கெல்லை கூறியே அடையாளம் காட்டப்பட்டன. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே ஓடை என்று இன்றைய கிரயப் பத்திரமும் எழுதுகிறது. இதில் ஒரு நிலத்தின் அடையாளம் அண்டை நிலத்தாரின் பெயரைச் சார்ந்திருக்கிறது. அவர் விற்றுவிட்டால் விவரிப்பு பழையதாகிவிடும். மாறக்கூடிய ஒன்றைச் சாவியாக்கக் கூடாது என்ற விதியை இதிலிருந்தே நாம் விளங்கிக்கொள்ளலாம்.

தாமஸ் மன்றோ வலுப்படுத்திய ரயத்துவாரி முறை, அரசுக்கும் உழவனுக்கும் நேரடித் தொடர்பை வேண்டியது. 1850-களின் பிற்பகுதியில் தொடங்கிய நில அளவைத் துறை கிராமந்தோறும் கல் நட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் கொடுத்தது. இராஜபாளையத்தை அடுத்த சேத்தூர் போன்ற ஜமீன் பகுதிகள் 1948-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே ரயத்துவாரிக்கு வந்தன.

இவ்வட்டாரம் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985-இல் இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டத்திலும் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தில் அடங்கியிருந்த இராஜபாளையம் தனி வட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களிலும் நட்ட கல் நகரவில்லை. கணினியில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றுக்குப் பெயரைச் சாவியாக்காமல் பொருளற்ற குறியெண் தருவதன் காரணம் இதுதான். பொருள் இல்லாததால் அது பொய்யாவதும் இல்லை.

கிராமக் கணக்கின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ‘அ’ பதிவேடு புல எண் வரிசையில் அமைந்தது. நிலம் நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பட்டா எண் என்ன என்பன அதில் இருக்கும். சிட்டா பட்டா எண் வரிசையில் அமைந்து, ஒருவருக்குரிய நிலங்களைத் தொகுத்துக் காட்டும். அடங்கல் புலவாரியாகச் சாகுபடியைச் சொல்லும். ‘அ’ பதிவேட்டில் புல எண்ணும் உட்பிரிவும் சேர்ந்து முதன்மைச் சாவி. கணினியர் பிரைமரி கீ என்பது இதையே. அங்கே எழுதப்படும் பட்டா எண், சிட்டாவுக்கு உரிய சாவி. இங்கே அது அயற்சாவி, அதாவது ஃபாரின் கீ. ஒரு புலம் உட்பிரிவானால் புதிய உட்பிரிவு எண்கள் பிறக்கின்றன. பழைய எண் வேறொரு நிலத்துக்குத் தரப்படுவதில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகைச் சிந்தனைக்குக் கணித வடிவம் தந்தது. அதற்கு முந்தைய தரவுத்தளங்களில் ஒரு தகவலை அடைய, அது வைக்கப்பட்டிருக்கும் வழியை அறிந்திருக்க வேண்டும். காட் தகவல்களை அட்டவணைகளாக்கி, மதிப்புகளின் பொருத்தத்தால் அவற்றை இணைக்கச் சொன்னார். நம் ஊரில் அந்த வழியை அறிந்தவர் பரம்பரைக் கணக்குப்பிள்ளை. 1980-இல் அப்பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். தலைக்குள் இருந்த வழியை நம்பியவர்கள் அதன்பின் ஏட்டில் இருந்ததை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று.

1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் இன்றும் ‘யுடிஆர்’ என்றே சொல்கிறார்கள். அப்போது நேர்ந்த பெயர்ப்பிழையைத் திருத்த மனுவோடு அலைவோர் இன்றும் உண்டு. சாவி சரியாக இருந்தும் அது சுட்டும் வரிசையில் தவறான பெயர் ஏறினால், உழுதவரின் நிலம் ஏட்டில் இன்னொருவருடையதாகிவிடும். சாவி அடையாளத்துக்குத்தான் பொறுப்பு, உண்மைக்கு அல்ல.

காட் வகுத்த முதல் இயல்பு வடிவம், ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இருக்க வேண்டும் என்கிறது. நம் கூட்டுப் பட்டாக்களில் ஒருவர் பெயரை எழுதி, அதன்பின் ‘வகையறா’ என்று முடிக்கும் வழக்கம் உண்டு. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை தங்கைகள், எத்தனை விதவைகள் பெயரின்றி அடங்கினர் என்பதைப் பதிவேடு சொல்லாது. 1989-இல் தமிழகச் சட்டம் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்தது. ஆனால் பெயரே எழுதப்படாதவள் தன் பங்கைக் கேட்கும்போது, தான் இருப்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வேண்டும் என்னும் வடிவமைப்பு விதி இங்கே நீதியாகவும் ஆகிறது.

இன்னொன்றும் உண்டு. முதன்மைச் சாவி வெறுமையாக இருக்கக் கூடாது. அயற்சாவி வெறுமையாக இருக்கலாம். புறம்போக்கு நிலத்துக்குப் புல எண் உண்டு, பட்டா எண் இல்லை. அட்டவணையைப் பொறுத்தவரை இதில் பிழையேதும் இல்லை. அந்த வெற்றுக் கட்டத்தில்தான் குடிசை போட்டுத் தலைமுறைகளாக ஒரு குடும்பம் வாழ்ந்துவருகிறது. அக்குடும்பம் பட்டா கேட்பதை, அந்தக் கட்டத்தில் தன்னை எழுதச் சொல்லும் கோரிக்கையாகவே நாம் படிக்க வேண்டும்.