இயல்பான பிரசவம்: ஒரு கோட்டின் வரலாறு

பிரசவத்தை இயல்பானதென்றும் இயல்பு பிறழ்ந்ததென்றும் பிரித்துரைக்கும்போது உடலின் தன்மை மாத்திரம் பேசப்படுவதில்லை. பிரசவ அறையின் அதிகாரம் எக்கணத்தில் மருத்துவிச்சியிடமிருந்து வைத்தியருக்குக் கைமாறுகின்றது என்பதும் அங்கு தீர்மானிக்கப்படுகின்றது. அவ்வெல்லையை வகுத்தவர் யார், எதனைக் கொண்டு வகுத்தார் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இங்கிலாந்தில் இவ்வெல்லைக்குச் சட்ட வடிவம் தந்தது 1902ஆம் ஆண்டின் மருத்துவிச்சிகள் சட்டமாகும். பயிற்சியும் பதிவும் பெற்ற மருத்துவிச்சி இயல்பான பிரசவத்தைத் தானே நடத்தலாம். மாறான குறி எதனையேனும் கண்டால் வைத்தியரை அழைத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கீழ் எழுந்த விதி. அழைக்கப்பட்ட வைத்தியருக்குக் கூலி கொடுப்பவர் யாரென்பதைச் சட்டம் சொல்லாது விட்டது. ஏழைத் தொழிலாளியின் வீட்டில் அக்கேள்வி சிறியதன்று. உள்ளூராட்சி அதிகாரிகளே அக்கூலியைக் கொடுத்தல் வேண்டும் என 1918ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும்வரை, இயல்பின் எல்லை குடும்பத்தின் பணப்பையையும் பொறுத்திருந்தது எனல் மிகையாகாது.

சட்டம் எல்லையைச் சொற்களால் வரைந்தது; அதனைத் தாளில் கோடாக வரைய வழி செய்தவர் நியூயோர்க் நகர வைத்தியரான எமானுவேல் பிறீட்மன். முதற்பேறு காணும் 500 பெண்களின் கருப்பை வாய் மணிக்கு மணி எவ்வளவு விரிகின்றது என்பதை அளந்து, 1955இல் அவர் ஒரு வரைபினை வெளியிட்டார். முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் ஏறும் அவ்வளைகோடு பாடநூல்களில் நிலைபெற்றது. ஆயின் அப்பெண்களுட் பாதிக்கு மேற்பட்டோரின் குழந்தைகள் குறடு கொண்டே எடுக்கப்பட்டன. மயக்க மருந்துகளும் தாராளமாக வழங்கப்பட்ட காலம் அது. ஒரு நகரத்து வைத்தியசாலையின் வழக்கமே உலகப் பெண்கள் அனைவரதும் இயல்பாக எண்ணப்பட்டமை வியப்புக்குரியது.

பிறீட்மனின் வரைபைக் கருவியாக்கியவர்கள் அன்றைய றொடீசியாவிற் பணியாற்றிய பில்பொற், காசில் என்ற இருவர். அவர்களை எதிர்நோக்கிய சிக்கல் வேறு. தூரத்துக் கிராம நிலையத்தில் மருத்துவிச்சி தனித்திருக்கிறாள். குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பிற் சிக்கினால் கருப்பை கிழியலாம், தாய் மாளலாம். எப்போது வண்டி தேடுவது? 1972இல் அவர்கள் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற கணக்கில் ஓர் எச்சரிக்கைக் கோட்டையும், அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி ஒரு செயற் கோட்டையும் வரைந்தனர். முதற்கோட்டைத் தாண்டினால் தாயைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புக. இரண்டாவதைத் தாண்டினால் அங்கு தக்கது செய்க. கோடு இங்கே மருத்துவிச்சியை அடக்குவதற்கன்று, அவளுக்குத் துணையாகவே எழுந்தது. இதனை மறந்து வரைபை வெறும் ஆதிக்கக் கருவியெனக் கூறுவோருடன் நாம் உடன்படுதல் இயலாது. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 35,484 பெண்களிடம் உலக சுகாதார தாபனம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மணிக்கு மேல் நீண்ட பிரசவங்கள் நூற்றுக்கு 6.4இலிருந்து 3.4ஆகக் குறைந்தன.

டப்ளின் நகரிலோ கடிகாரம் வேறு வேலை செய்தது. அங்குள்ள தேசிய மகப்பேற்று வைத்தியசாலையில் ஓட்றிஸ்கொல் என்பார் முதற்பிரசவம் பன்னிரண்டு மணிக்குள் முடிதல் வேண்டும் என 1970களின் தொடக்கத்தில் முறை வகுத்தார். விரிவு மந்தமாயின் பன்னீர்க்குடம் உடைக்கப்படும், ஒட்சிற்றோசின் ஏற்றப்படும். அதே முறையில் ஒவ்வொரு தாயருகிலும் ஒருவர் இடையறாது இருத்தல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. மருந்தேற்றும் பகுதியைப் பல நாடுகள் விரும்பி ஏற்றன. அருகிருக்கும் பகுதிக்கு ஆட்செலவு அதிகம். எது பரவியது, எது பின்தங்கியது என்பதை ஊகித்தல் கடினமன்று.

நைஜீரியா, உகண்டா நாடுகளின் பதின்மூன்று வைத்தியசாலைகளில் நிகழ்ந்த ஆய்வும் பிறவும், மணிக்கு ஒரு சென்ரிமீற்றரை எட்டாத பெண்கள் பலர் தீங்கின்றிப் பெற்றெடுத்தமையைக் காட்டின. 2018இல் உலக சுகாதார தாபனம் அவ்வளவையைத் தலையீட்டுக்குரிய காரணமாகக் கொள்ளலாகாது என அறிவித்தது. தீவிர நிலை 5 சென்ரிமீற்றரிலேயே தொடங்குவதாகவும் கொண்டது. 2020இல் அது வெளியிட்ட புதிய பதிவுத்தாளில் அவ்விரு கோடுகளும் இல்லை. 5 சென்ரிமீற்றரில் ஆறு மணி, 9 சென்ரிமீற்றரில் இரண்டு மணி என ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு பொறுதி உண்டு. தாய் நீர் அருந்தினாளா, எந்நிலையில் இருக்கிறாள், துணைக்கு ஒருவர் உடனிருக்கிறாரா என எழுதவும் அத்தாளில் மருத்துவிச்சிக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன.